யார் பூட்டில் யார் தொங்குவது

சென்ற வாரம் படித்தவர்களுக்கு, நான் தேநீரைக் குடிக்காமல் எழுந்து வந்தது நினைவிருக்கும். தவறவிட்டவர்களுக்கு மட்டும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் ஒரு சந்து. அது பெரிய சாலையில் போய் முட்டும் இடத்தில் ஓர் இரும்புக் கதவு. மரத்துப்போன மனதோடு நான் எண்ணிப் பார்க்கிற அந்த மாலையில், என் கணவர் சந்துக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். ஆம்புலன்ஸ் கதவுக்கு வெளியே வந்து நின்றது. கதவு திறக்கவில்லை. சந்தின் மறுகோடியில் இருக்கும் நடைபாலத்துப் படிகளில் ஸ்ட்ரெச்சரை ஏற்றி இறக்கி அவரைக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை: "லேட்."

அந்தக் கதவைப் போட்டது கூட்டுப் பாதுகாப்புக் குழு. போலீஸ், நகராட்சி, பள்ளிக்கூடம், குடியிருப்போர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து தெருவைக் காப்பது என்ற ஏற்பாடு. அந்தக் குழுவின் தலைவர்தான் சென்ற வாரம் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். கதவை வெல்டிங் வைத்து நிரந்தரமாக மூடப்போகிறோம், "குடும்பத்தின் விருப்பப்படி" என்று பதிவுசெய்துகொள்கிறோம் என்றார். அவர் குரல் மிகவும் இதமாக இருந்தது. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது. நான் எழுந்து வந்துவிட்டேன்.

கதவை மூடிவிட்டால் எங்கள் சந்தில் அடுத்து விழுகிறவருக்கும் அந்தப் படிகள்தான்.

காலையில் மகள் சீருடைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கான்ஸ்டபிள். ஸ்டேஷனுக்கும் அந்தக் குழுவுக்கும் நடுவே ஓடுகிற வேலை அவளுடையது.

"அம்மா, இன்னைக்கு வீட்டுலயே இரு."

"யார் சொல்றது, நீயா, உன் இன்ஸ்பெக்டரா?"

"அவர் என்கிட்ட சொன்னாரு. நான் உன்கிட்ட சொல்றேன்."

"சொல்லியாச்சுன்னு அவர்கிட்ட சொல்லிடு. பொய் சொன்ன பாவம் உனக்கு வேண்டாம்."

அவள் காலர் மடிப்பை இன்னொரு முறை அழுத்தினாள். சிரிப்பை அடக்கும்போது அவளுக்கு அப்பாவின் முகம் வந்துவிடும்.

சின்னவர் வந்தார். என் கணவரின் தம்பி. நகராட்சியில் வேலைகளை மேற்பார்வை பார்ப்பவர். ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். கெட்ட செய்தி கொண்டுவரும்போது அவர் அப்படித்தான் நிற்பார்.

"அண்ணி, மத்தியானம் வெல்டர் வர்றான். நான்தான் கூட நின்னு முடிச்சுக் குடுக்கணும்."

"உங்க அண்ணன் விழுந்த எடத்துக்கு நீங்களே சாட்சியா?"

"வேற ஆளை அனுப்புங்கன்னு கேட்டேன்."

"கேட்டீங்களா, கேட்கணும்னு நெனச்சீங்களா?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். "நெனச்சேன்."

உண்மையைச் சொன்னதற்காக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியல. ஒரு கதவுக்கு எதுக்கு நாலு பூட்டு?"

அவர் என் தையல் டப்பாவைத் திறந்தார். ஊக்குகளை எடுத்து ஒன்றுக்குள் ஒன்றாகக் கோத்து ஒரு சரமாக்கினார்.

"இதுதான் அண்ணி பிளான். கதவுல ஒரு சங்கிலி. அந்தச் சங்கிலியில பூட்டோட பூட்டைக் கோத்து மாட்டுறது. யார் வந்தாலும் அவங்க பூட்டை மட்டும் திறந்தாப் போதும்." ஓர் ஊக்கைத் திறந்தார். சரம் இரண்டாக விழுந்தது. "கதவு திறந்துடும்."

"அப்புறம்?"

"போலீஸ் முதல்ல வந்து தாழ்ப்பாள் பட்டையில ஒரு ஓட்டை போட்டு நேரா மாட்டிட்டாங்க. சங்கிலி வர்ற வரைக்கும்னு சொன்னாங்க. அப்புறம் எங்க ஆபீசர் வந்து பார்த்தாரு. அவங்க பூட்டுல போய் நாம தொங்கணுமான்னு கேட்டாரு. நமக்குன்னு தனியா ஒரு ஓட்டை போடச் சொன்னாரு. ஸ்கூல்காரங்க சும்மா இருப்பாங்களா, அவங்களுக்கும் ஒரு ஓட்டை."

"சங்கிலி?"

"ஸ்டோர்ல பரண்மேல கெடக்கு."

அந்த ஆபீசர்தான் குழுவின் தலைவரும்.

அதாவது, எல்லாப் பூட்டும் ஒருசேரத் திறந்தால்தான் அந்தப் பட்டை அசையும். காலையில் திறப்பது, இருட்டினால் மூடுவது என்றுதான் முடிவு. பைக்கில் வந்து கழுத்துச் சங்கிலியைப் பறிக்கிறவர்கள் இருட்டியபிறகுதான் அந்தச் சந்தில் புகுந்து தப்பிப்பார்கள். ஆனால் எல்லாச் சாவியும் ஒரே காலையில் ஒரே இடத்துக்கு வந்து சேரவே இல்லை. ஒருநாள் போலீஸுக்கு வேறு பந்தோபஸ்து. ஒருநாள் பள்ளிக்கு விடுமுறை. பிறகு யாரும் முயலவும் இல்லை. ரிப்பன் வெட்டிய படம் மட்டும் எல்லா அலுவலகத்துச் சுவரிலும் தொங்கியது. கீழே "முதல் வெற்றி" என்று எழுதியிருந்தது.

"அன்னைக்கு எங்க சாவி என் டிராயர்லதான் இருந்துச்சு," என்றாள் மகள், இஸ்திரிப் பெட்டியைப் பார்த்தபடி. "நான் மைதானத்துல கூட்டத்தைத் தடுக்கக் கயிறு பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"நீ ஓடி வந்து திறந்திருந்தாலும் மத்ததை யாருடி திறந்திருப்பா?"

சின்னவர் ஊக்குகளைத் திரும்ப டப்பாவில் போட்டார்.

கிளம்பும்போது அலமாரி மேல்தட்டிலிருந்து ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் உறையை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டேன். அவருடைய கைக்கடிகாரம், பர்ஸ், சாவிக்கொத்து. அதுவரை நான் அதைப் பிரிக்கவில்லை. எதற்காக எடுத்தேன் என்று கேட்டால், துணைக்கு என்றுதான் சொல்ல முடியும்.

வாசற்கதவைப் பூட்டினேன். சாவியில் சிவப்பு நெயில் பாலிஷ் பொட்டு. அது அவர் வழக்கம். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு என்று குழம்பாமல் இருக்க, மகளின் பாட்டிலை எடுத்துப் பூட்டில் ஒரு பொட்டு, சாவியில் ஒரு பொட்டு வைத்துவிடுவார். மகள் பாட்டிலைத் தேடி வீட்டையே புரட்டுவாள்.

குழு நகராட்சி மாடியில் கூடியிருந்தது. ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு பெயர்ப் பலகை, பலகைக்குப் பின்னால் ஒரு தண்ணீர் பாட்டில். தலைவர், இன்ஸ்பெக்டர், பள்ளித் தலைமையாசிரியை. குடியிருப்போர் என்று எழுதிய பலகைக்குப் பின்னால் மட்டும் யாரும் இல்லை. அந்த இடத்தில் சில மாதங்கள் என் கணவர் உட்கார்ந்திருக்கிறார். என்ன நடந்தது என்று கேட்டால், "பேசினோம்" என்பார். கடைசியாகப் போய்வந்த அன்று அதைக்கூடச் சொல்லவில்லை. அதன்பிறகு போகவும் இல்லை.

நான் அந்த நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"நீங்க பின்வரிசையில உட்காரலாம்மா," என்றார் தலைவர்.

"இதுல யாரும் இல்லையே."

இன்ஸ்பெக்டர் தொண்டையைச் செருமினார். "எங்க தரப்புல ரோந்து ஒழுங்கா நடக்குது. கதவு நகராட்சியோட சொத்து."

"கதவு எங்க சொத்துதான். பாதுகாப்பு உங்க பொறுப்பு," என்றார் தலைவர்.

"எங்க பிள்ளைங்களுக்காகத்தான் நாங்க பூட்டுப் போட்டோம்," என்றார் தலைமையாசிரியை. "சாவியை வெளியில குடுக்கணும்னா எங்க இயக்குநருக்குத்தான் எழுதணும்."

ஒருவர் பேசி முடித்ததும் அடுத்தவர் தலையாட்டினார். சண்டையே இல்லை. அவ்வளவு ஒற்றுமையை நான் எங்கள் வீட்டில்கூடப் பார்த்ததில்லை.

"ஆம்புலன்ஸ்காரங்க இந்த மேசையில எங்க?" என்று கேட்டேன்.

"சுகாதாரத் துறையை அடுத்த காலாண்டுல சேர்க்கிறதா இருக்கும்மா."

"அதுவரைக்கும் நாங்க விழாம இருக்கணும்."

இன்ஸ்பெக்டர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து மூடினார்.

"சரி. மூணு பூட்டு உங்க மூணு பேரோடது. நாலாவது யாரோடது?"

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். பிறகு தன் பெயர்ப் பலகையை நேராக்கினார், அது நேராகத்தான் இருந்தது.

"இப்ப அது எதுக்கும்மா," என்றார் தலைவர். "வெல்டிங் வெச்சுட்டா எந்தப் பூட்டுக்கும் வேலை இல்ல. உங்க குடும்பத்தோட விருப்பப்படி..."

"என் விருப்பத்தை நான் இன்னும் சொல்லவே இல்ல. இப்ப சொல்றேன். கதவு திறக்கணும். எழுதிக்குங்க."

குறிப்பெடுக்கும் பெண் பேனாவைத் தூக்கியபடி தலைவரைப் பார்த்தாள். அவர் விரலை லேசாக அசைத்தார். பேனா கீழே இறங்கிவிட்டது.

"சரி, நானே போய்ச் சொல்லிக்கிறேன்."

"யார்கிட்டம்மா?"

"கதவுகிட்ட."

வீட்டுக்கு வந்து, தையல் மெஷினுக்கு முன்னால் போடும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு நடைபாலத்துப் படிகளில் ஏறினேன். கனமான நாற்காலி இல்லை. ஆனாலும் பாதியில் நின்று மூச்சு வாங்கினேன். இரண்டு பேர் ஓர் ஆளைச் சுமந்து இதில் எப்படி ஏறியிருப்பார்கள் என்று அப்போதுதான் என் கைக்குத் தெரிந்தது. சுற்றிக்கொண்டு பெரிய சாலைப் பக்கம் போய், கதவுக்கு முதுகைக் கொடுத்து நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

வெல்டர் வந்தார். சின்னவரும் வந்தார்.

"கொஞ்சம் தள்ளி உட்காருங்கம்மா. பொறி பறக்கும்."

"பறக்கட்டும்ப்பா. நான் தச்ச துணிதான். ஓட்டை விழுந்தா நானே ஒட்டுப் போட்டுக்கிறேன்."

அவர் சின்னவரைப் பார்த்தார். சின்னவர் ஆகாயத்தைப் பார்த்தார். வெல்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுத் தன் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்துகொண்டார். "எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

சின்னவர் தலைவருக்கு போன் செய்தார். தலைவர் இன்ஸ்பெக்டருக்குச் செய்திருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் என் மகள் சாலையைக் கடந்து வந்தாள். தொப்பி வைத்திருந்தாள்.

"என்னை எழுப்ப உன்னையே அனுப்பிட்டாங்களா? இதுல மட்டும் எல்லாத் துறையும் ஒண்ணாச் சேர்ந்து வேலை செய்யுது."

"எழுந்திரும்மா."

"பொண்ணா சொல்றியா, போலீஸா சொல்றியா?"

"போலீஸா."

"போலீஸ்னா உன் பூட்டைத் திற."

கதவின் கம்பிகளுக்குப் பின்னால் எங்கள் குடியிருப்பு ஆட்கள் சேர ஆரம்பித்திருந்தார்கள். அவள் அவர்களைப் பார்த்தாள். சித்தப்பாவைப் பார்த்தாள். பிறகு சட்டைப் பையில் கையை விட்டு ஒரு சாவியை எடுத்தாள்.

"காலையிலேயே டிராயர்லேர்ந்து எடுத்துட்டேன்," என்றாள் என்னிடம், மெல்ல. "எப்படியும் நீ கேட்பேன்னு தெரியும்."

போலீஸ் பூட்டு துருப்பிடித்து முரண்டு பிடித்தது. அவள் தொப்பியைக் கழற்றி என் நாற்காலி முதுகில் மாட்டிவிட்டு இரண்டு கையாலும் திருகினாள். அது திறந்து கையோடு வந்தது.

சின்னவர் ஸ்கூட்டருக்குப் போய் டிக்கியைத் திறந்தார். ஒரு சங்கிலி, ஒட்டடையோடு.

"பரணைச் சுத்தம் பண்ணினேன்," என்றார்.

சங்கிலியைக் கதவின் இரண்டு பாதியிலும் இருந்த வளையங்களில் விட்டு எடுத்தார். மகள் போலீஸ் பூட்டை அதன் ஒரு நுனியில் மாட்டினாள். அவர் நகராட்சிப் பூட்டைத் திறந்து பட்டையிலிருந்து உருவினார். உருவியவர் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன சித்தப்பா, எங்க பூட்டுல தொங்கினா மானம் போயிடுமா?"

"போனா போகட்டும்." கோத்து அழுத்தினார். கிளிக்கென்று விழுந்தது. கம்பிக்குப் பின்னால் யாரோ கை தட்டினார்கள்.

பட்டையில் மிச்சம் இரண்டு. பள்ளிக்கூடத்தின் பெரிய பூட்டு ஒன்று. அதற்குப் பக்கத்தில், சின்னதாக, புழுதி அப்பிய ஒரு பித்தளைப் பூட்டு. அதுதான் மேசையில் யாரும் சொந்தம் கொண்டாடாத பூட்டு. நான் எழுந்து குனிந்து அதை விரலால் தேய்த்தேன்.

அடியில் ரோஜா நிறத்தில் ஒரு பொட்டு.

"அம்மா," என்றாள் மகள். "இது என் பாட்டில்..."

எங்கள் வீட்டுப் பழைய டிரங்குப் பெட்டியின் பூட்டு அது. நான் எங்கோ தொலைந்துபோய்விட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது ஜீப் வந்து நின்றது. தலைவர் இறங்கினார். பின்னாலேயே தலைமையாசிரியையும். என் விரல் எங்கே இருக்கிறது என்று பார்த்ததும் தலைவரின் குரல் மறுபடியும் இதமானது.

"பார்த்துட்டீங்களா. சொல்ல வேண்டாம்னுதான் இருந்தேன். குடியிருப்போர் சார்பா உங்க வீட்டுக்காரர் மாட்டினது. மத்தவங்களுக்கு இருக்குன்னா எங்களுக்கும் வேணும்னு கேட்டாரு. நாங்க சரின்னோம். இது வெளியில பேச்சா வந்தா உங்களுக்குத்தான் சங்கடம். உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன், கதவை மூடிட்டு எல்லாரும் இதை மறந்துடலாம்."

ஆக, சென்ற வாரத் தேநீரும் இதமும் இதற்காகத்தான்.

நான் நாற்காலியில் உட்கார்ந்தேன். பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்தேன். ஆஸ்பத்திரிக்காரர்கள் இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தார்கள், பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டியிருந்தது. கடிகாரம் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாவிக்கொத்தில் சிவப்புப் பொட்டு, பச்சைப் பொட்டு, ரோஜாப் பொட்டு.

அன்று மாலை இந்தச் சாவி அவர் சட்டைப் பையில் இருந்திருக்கிறது. வெளியே ஆம்புலன்ஸ்காரர்கள் கதவைப் பிடித்து உலுக்கிய சத்தம் அவர் காதில் விழுந்திருக்கும். அவர் பையைத் தொட்டுப் பார்த்திருப்பாரா? தொட்டிருந்தாலும் மற்றப் பூட்டுகள் இருந்தன. அதுவும் அவருக்குத் தெரிந்திருக்கும். இந்த வரிகளை எழுதும்போதும் நான் கொஞ்சம் நிறுத்திவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மகள் என் தோளில் கை வைத்தாள். நான் எழுந்தேன். சாவியைப் போட்டுத் திருப்பினேன். டிரங்குப் பெட்டிப் பூட்டு எப்போதும் சொன்னபடி கேட்கும். திறந்துகொண்டது.

"ஆமா சார். எங்க வீட்டுப் பூட்டுதான்," என்றேன். கம்பிக்குப் பின்னால் நிற்கிறவர்களுக்கும் கேட்கட்டும் என்றுதான் உரக்கச் சொன்னேன். "உங்களோட ஒரே மேசையில உட்கார்ந்தாரு. நீங்க எல்லாரும் செஞ்ச தப்பையே அவரும் செஞ்சிருக்காரு. இதைச் சொல்ல எனக்கு ஒரு சங்கடமும் இல்ல. இதோ கழட்டிட்டேன். இதைக் காட்டி என்னை வீட்டுக்கு அனுப்ப நெனச்சீங்க இல்ல? இப்ப எதைக் காட்டுவீங்க?"

நகராட்சிப் பூட்டின் வளையத்தில் எங்கள் பூட்டைக் கோத்து அழுத்தினேன்.

மறுபடி நாற்காலியில் உட்கார்ந்தேன். நான் தலைமையாசிரியையிடம் திரும்பினேன். அவர் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். சாவி உள்ளே இருந்தது என்பது அவர் பிடித்திருந்த விதத்திலேயே தெரிந்தது.

"எங்க இயக்குநர்..." என்றார்.

"கேளுங்கம்மா. கேட்டுட்டு வாங்க. நான் எங்கயும் போகப்போறதில்ல."

அவர் என்னையும் பார்க்கவில்லை, தலைவரையும் பார்க்கவில்லை. சங்கிலியில் வரிசையாகத் தொங்கிய பூட்டுகளைப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறாமல் பள்ளிக்கூடத்தை நோக்கி நடந்து போனார். இயக்குநரிடம் பேசவா, வேறு எதற்காகவா என்று அப்போது எனக்குத் தெரியாது.

"வெல்டிங்கை ஆரம்பிப்பா," என்றார் தலைவர்.

வெல்டர் எழுந்திருக்கவில்லை. "ஆள் உட்கார்ந்திருக்கிற எடத்துல பத்தவைக்க மாட்டேன் சார். எனக்கும் தொழில்ல ஒரு சட்டம் இருக்கு."

"கான்ஸ்டபிள், இவங்களை அப்புறப்படுத்துங்க."

மகள் அவரைப் பார்த்தாள். அப்போது அவள் போன் அடித்தது. இன்ஸ்பெக்டர். என் நாற்காலி முதுகிலிருந்து தொப்பியை எடுத்து வைத்துக்கொண்டாள், அவருக்கு மரியாதை தரும் விதமாக. பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரைப் போட்டாள்.

"என்னம்மா, உங்கம்மாவை எழுப்பிட்டியா?"

அவள் தரையைக் கையால் தட்டிவிட்டு, மடிப்புக் கலையாத அந்தச் சீருடையோடு என் நாற்காலிக்குப் பக்கத்தில் கால்மடக்கி உட்கார்ந்தாள்.

"இல்ல சார்," என்றாள். "நானும் உட்கார்ந்துட்டேன்."